பின் ஆசனத்துக்குக் கேட்கும் அளவு

சாய்ந்தமருது
1997.02.14

குணம்,

கொழும்பு விலாசத்தை உன் அப்பாவிடம் வாங்கினேன். பாண்டிருப்பில் உங்கள் வீட்டு வாசல் கடப்படியிலேயே நின்று கேட்டேன். கனகரெத்தினம் ஐயா ஒரு துண்டில் எழுதித் தந்தார். "அவன் எழுதினா எங்களுக்கும் சொல்லு தம்பி" என்றார். அதாவது, வீட்டுக்கும் நீ எழுதுவதில்லை.

எனக்கும் சொல்லாமல்தான் போனாய். பள்ளிக்கூடம் தொடக்கம் ஒன்றாகத் திரிந்தவன். கடையைப் பூட்டி, பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுப் போனாய். அது பற்றி இப்போது எழுதவில்லை.

வேன் பற்றி எழுதுகிறேன்.

பெருநாளுக்குச் சொந்தக்காரரை ஏற்றிக்கொண்டு பொத்துவிலுக்குப் போனேன். சாச்சியின் மகன் அஸ்கி பின்னால் இருந்தான். நிந்தவூர் தாண்டவில்லை, கத்துகிறான்: "காக்கா, முன்னுக்குக் கலியாண வீடு, பின்னுக்கு மையத்து வீடு மாதிரி இரிக்கி." எல்லோரும் சிரித்தார்கள். வேனை நிறுத்திப் பின்னால் போய்க் கேட்டேன். உண்மைதான். முன்னால் பாட்டு அதிர்கிறது. பின் ஸ்பீக்கர் இரண்டும் முனகுகின்றன. நான் எப்போதும் ஓட்டுகிறவன். எனக்கு முன்னால் கேட்பதுதான் கேட்கும். எவ்வளவு காலமாக இப்படி என்று தெரியவில்லை.

பாட்டுச் செற் ஜப்பானில் இருந்து வேனோடு வந்தது. நாலு ஸ்பீக்கரும் வேனோடு வந்தவை. நம் நாட்டு றேடியோ அதில் இழுக்கவில்லை என்று போன வருடம் நீதான் கழற்றி, உள்ளே ஒரு சின்னப் பெட்டி பொருத்திப் பூட்டித் தந்தாய். அன்று முழுக்க வேன் உன் கடையில் நின்றது. அதன் பிறகு வேறு யாரும் கை வைக்கவில்லை.

அக்கரைப்பற்றில் குஷன் வேலை செய்கிற பாஸ் ஒருவனிடம் காட்டினேன். ஸ்பீக்கரும் பூட்டுகிறவன். பின் பலகையில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் சாமான எவனோ உருவிட்டு லோக்கல் போட்டிரிக்கான்" என்றான். எவன் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உன்னிடமே கேட்கிறேன். நீ மாற்றினாயா?

றாஹிலாவிடமும் கேட்டேன். மற்ற டீச்சர்மாரோடு தினமும் பின்னால் இருந்து சவளக்கடைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள் அவள்தானே. "பாட்டு எனக்கு என்னத்துக்கு காக்கா, நான் என்ன ஊர்வலமா போறன்?" என்கிறாள். என் தங்கச்சியை உனக்குத் தெரியும். கிட்டங்கி தாண்டி, ஆமிச் சென்றிக்கு முன்னால், ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஏதாவது ஒன்று நடக்கும். செருப்புக் கழன்றுவிட்டது, முந்தானை கதவில் மாட்டிவிட்டது, மெதுவாகப் போங்கள். மற்ற டீச்சர்மார் சிரிப்பார்கள். பாட்டு மெதுவாகக் கேட்பது மட்டும் அவளுக்குப் பிரச்சினையில்லை.

பதில் எழுது.

ஜவுபர்

*

கொழும்பு 13
1997.02.25

ஜவுபர்,

மாற்றவில்லை.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு இரண்டு நாள் தாளை மடித்து வைத்திருந்தேன். அதற்குமேல் எழுத வேண்டுமா என்று தெரியவில்லை.

இப்போது பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் வேலை. காலையில் இருந்து மற்றவர்களின் வாகனங்களுக்குச் செற் பூட்டுகிறேன். கடைக்கு வருகிற ஒருவருக்குச் சொல்வதுபோல் உனக்கும் சொல்கிறேன்.

சத்தம் கூட்டும் குமிழுக்குப் பின்னால் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் சத்தம் முன்னுக்கோ பின்னுக்கோ போகும். நடுவில் ஒரு சின்னத் தடக்கு விரலுக்குத் தெரியும். வளையம் அங்கே நிற்கிறதா பார். அநேகமான வாகனங்களில் நோய் அவ்வளவுதான். சீற்றைத் துடைக்கிறவன் கை பட்டிருக்கும்.

அது சரியென்றால், வளையத்தை முழுக்கப் பின்னுக்குத் திருப்பு. முன் ஸ்பீக்கர்கள் அடங்கிவிடும். இப்போது பின்னால் கேள். கரகரத்தால் ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது. விட்டு விட்டுக் கேட்டால் வயர் எங்கோ அறுந்து தொடுகிறது. தெளிவாக, ஆனால் மெதுவாகக் கேட்டால் ஸ்பீக்கரில் பிழை இல்லை.

வாகனத்தோடு வருகிற செற்றுக்குப் பலம் குறைவு. பின் ஸ்பீக்கர்கள் ஆசனத்துக்குப் பின்னால், துணி ஒட்டிய பலகைக்குள் இருக்கின்றன. ஆட்கள் நிறைந்தால் சத்தம் அவர்களுடைய உடுப்பிலேயே நின்றுவிடும். அப்படித்தான் என்று வைத்துக்கொள்.

பின் பலகையைக் கழற்றாதே. அதன் கிளிப்புகள் பிளாஸ்ரிக். உடைந்தால் இங்கேயும் கிடைக்காது.

பின்னால் இருப்பவர்கள் குறை சொன்னார்களா? நான் கேட்பது தினமும் இருப்பவர்களை. பெருநாளுக்கு ஏறியவர்களை அல்ல.

சொல்லாமல் போனது பற்றி எழுதவில்லை என்று எழுதியிருக்கிறாய். நானும் எழுதவில்லை. ஹர்த்தால் அன்று என் கடைக்கு முன்னால் கல்லும் பொல்லுமாகக் கூட்டம் நின்றபோது உன் வேன் அந்த வழியால் வந்தது. ஹோன் அடித்தது. நிற்கவில்லை. போனது.

அதை மட்டும் எழுதுகிறேன்.

குணம்

*

சாய்ந்தமருது
1997.03.04

குணம்,

அன்று பின்னால் டீச்சர்மார் இருந்தார்கள். உங்கள் ஊர், எங்கள் ஊர், இரண்டு ஊர் டீச்சர்மாரும். நிறுத்தினால் அவர்களை எங்கே கொண்டுபோவது? ஹோன் உனக்காக அடித்தது. பின் கதவால் ஓடு என்று. வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இது உனக்குப் போதாது என்று தெரியும்.

அதை விடு. இனி எழுதுவதைக் கவனமாக வாசி.

வளையம் நடுவில்தான் நின்றது. பின்னுக்குத் திருப்பினேன். தெளிவாகக் கேட்டது, மெதுவாகக் கேட்டது. நீ சொன்ன மாதிரியே. அதோடு விட்டிருப்பேன். ஆனால் கழற்றாதே என்றாயே, அங்கேதான் எனக்கு இடித்தது. கிளிப்புக்குக் கவலைப்படுகிற ஆளா நீ? கல்முனைச் சந்தையில் எத்தனை வாகனத்தின் கிளிப்பை உடைத்துவிட்டுச் சிரித்திருக்கிறாய்.

அதே பாஸிடம் போனேன். கழற்றினோம்.

ஸ்பீக்கர் வேனோடு வந்த ஸ்பீக்கர்தான். ஜப்பான் எழுத்து அப்படியே இருக்கிறது. அதில் உன்மேல் பிழையில்லை. ஆனால் அதற்குப் போகும் வயரின் நடுவில், கறுத்த டேப்பால் சுற்றி, ஒரு கட்டை. மற்றப் பக்கமும் அப்படியே இன்னொன்று. பாஸ் ஒன்றின் டேப்பைப் பிரித்தான். வெள்ளையாய், சதுரமாய், சுட்ட மண் மாதிரி. மேலே எழுத்தும் இலக்கமும். இரண்டு தலைப்பிலும் கம்பி. பாஸ் கையில் இருந்த குறட்டை மெதுவாகக் கீழே வைத்தான். வாழ்நாளில் அவன் எதையும் அவ்வளவு மெதுவாக வைத்திருக்க மாட்டான்.

"ஜவுபர், இது பாட்டுச் சாமான் இல்ல. நான் இதக் காணவுமில்ல, நீ இஞ்ச வரவுமில்ல."

கடை வாசலுக்குப் போய் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பலகையை நானே பூட்டினேன். அவசரத்தில் இரண்டு கிளிப்பு உடைந்தது. உனக்குச் சந்தோசமாக இருக்கும்.

அது இன்னும் வேனுக்குள் இருக்கிறது. பிடுங்கப் பயம். இழுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஓட்டாமல் நிறுத்தவும் பயம். ஏன் நிறுத்தினாய் என்று நாலு பேர் கேட்பார்கள். ஆகவே ஓட்டுகிறேன். தினமும் சென்றியைத் தாண்டுகிறேன். நேற்று ஆமிக்காரன் ஆசனத்துக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, பின் பலகையை விரலால் தட்டினான். டக் டக் என்று. அந்தப் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு என் தங்கச்சி இருக்கிறாள்.

என் வேனுக்குள் என்ன வைத்தாய்? யார் சொல்லி வைத்தாய்? உங்கள் ஆட்கள் சொன்னார்களா?

பதில் வராவிட்டால் நானே ஆமி முகாமுக்குப் போவேன். வேனைக் கொடுப்பேன். வேலை செய்தவன் பெயரையும் கொடுப்பேன். எனக்கு வேறு வழி இல்லாமல் செய்யாதே.

ஜவுபர்

*

கொழும்பு 13
1997.03.12

ஜவுபர்,

உன் கடிதத்தை எனக்கு முன், நான் தங்கியிருக்கும் விடுதியை நடத்தும் முகாமையாளர் வாசித்துவிட்டார்.

இங்கே கடிதங்கள் உடைத்துத்தான் தரப்படும். அவரைக் குறை சொல்ல முடியாது. போன மாதம் என் பக்கத்துக் கட்டில்காரரைப் பொலிஸ் கொண்டுபோனது. கைக்கடிகாரம் திருத்துகிறவர். பெட்டிக்குள் சின்னச் சின்னச் சில்லுகளும் சுருள் கம்பிகளும் இருந்தன. இன்னும் வரவில்லை. கட்டிலில் அவர் உடுத்த சாரம் காய்ந்தபடி கிடக்கிறது. யாரும் எடுப்பதில்லை.

முகாமையாளர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "தம்பி, இது என்ன சாமான்? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

சொன்னேன். முழுக்கக் கேட்டார். கடிதத்தைத் திருப்பித் தரவில்லை. மாத முடிவில், இங்கே தங்குவதற்கான என் பொலிஸ் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். விடுதிக்காரரும் கையெழுத்து வைக்க வேண்டும். அப்போது இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுவதுதான் தனக்குப் பாதுகாப்பு என்கிறார். "எழுதினவரே பிழையெண்டு சொன்னா வேற கதை. நான் என்னத்தைச் செய்ய?"

உன் எழுத்தில் என் பெயர். என் ஊர். வயர், டேப், கட்டை. அதற்குக் கீழே "உங்கள் ஆட்கள்." அதைச் சிங்களத்தில் யாராவது மொழிபெயர்த்து வாசிப்பதை யோசித்துப் பார். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ முகாமுக்குப் போகத் தேவையில்லை. தபாலில் அனுப்பிவிட்டாய்.

அது றெசிஸ்டர். உள்ளே கம்பி, வெளியே சுட்ட மண். மின்சாரத்தில் கொஞ்சத்தைத் தடுத்துச் சூடாக்கிவிடும். கல்முனையில் எந்த றேடியோக் கடையிலும் கேட்டுப் பார், ஒரு பெட்டி நிறைய எடுத்துக் காட்டுவார்கள். ஸ்பீக்கருக்குப் போகும் வயரில் போட்டால் சத்தம் குறையும். அது மட்டும்தான் நடக்கும். வெட்டி எடுத்துவிட்டு வயரைப் பொருத்தினால் பின்னாலும் கலியாண வீடு.

பிழையாகப் போடவில்லை. வேண்டுமென்றே போட்டேன். ஒருவர் கேட்டார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டார். ஓம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்கும் முகமாக அது இருக்கவில்லை. இப்போதும் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இந்தக் கடிதத்தில் இன்னொரு பெயர் வந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் ஒன்று செய். சாரதி ஆசனத்தில் இருந்துகொண்டு பின் ஸ்பீக்கரைச் சோதிக்க முடியாது. நிறுத்திய வேனிலும் முடியாது. வேனை யாரிடமாவது கொடு. நீ பின்னால் போய் இரு. சவளக்கடை வரைக்கும் போய்ப் பார்.

ஹோன் எனக்காக என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேனா என்று தெரியவில்லை. பின் கதவால்தான் ஓடினேன்.

குணம்

*

சாய்ந்தமருது
1997.03.22

குணம்,

இது தபாலில் வரவில்லை. சரீப் மாமாவின் அரிசி லொறியில் அஸ்கி கொண்டு வருகிறான். வாசித்ததும் கிழி. இதோடு திறந்த உறையில் இன்னொன்று இருக்கிறது. அது முகாமையாளருக்கு.

நீ சொன்னபடி செய்தேன். அஸ்கியிடம் வேனைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறினேன்.

"இஞ்ச என்ன வேல காக்கா உங்களுக்கு?" என்றாள் றாஹிலா.

"இடுப்பு வலி."

"இடுப்பு வலிக்காரன் முன்னுக்கல்லவா இரிக்கணும்" என்றார் றபீக்கா டீச்சர். "பின்னுக்குத்தானே குலுக்கும்." டீச்சர்மாரிடம் பொய் சொல்வது கஷ்டம்.

அஸ்கி பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தான். பின்னால் அது அடுத்த வளவில் யாரோ பாட்டுப் படிப்பதுபோல் இருந்தது. யன்னல் திறந்திருந்தது. என் வேனுக்குள் இருந்து வெளியே கேட்பது இதுதான் முதல் தடவை. வாய்க்காலில் தண்ணீர். யாரோ மாடு விரட்டுவது. கடந்துபோன சைக்கிளின் மட்காட் ஆடுவது. இதெல்லாம் தினமும் நான் ஓட்டிப்போகிற பாதையில் இருந்திருக்கிறது.

கிட்டங்கி தாண்டியது. றாஹிலா முன்னுக்குக் குனிந்தாள். "அஸ்கி, மெதுவாப் போ. என்ட குடை விழுந்துட்டு."

குடை அவளுடைய மடியில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

நான் பார்த்ததை அவள் பார்த்தாள். அப்போதுதான் சென்றியில் இருந்து குரல் வந்தது. சிங்களத்தில், நிற்கச் சொல்லி. வழமையாக அந்த இடத்தில் கூப்பிட மாட்டார்கள். புது ஆள் போலிருக்கிறது. பின்னால் எல்லோருக்கும் கேட்டது. அஸ்கி ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். நான் அவன் தோளில் அடித்தேன். குடைக்காக மெதுவாக்கியிருந்தான், அதனால் வேன் நின்றது. துவக்கு எங்கள் பக்கம் உயர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு தாழ்ந்தது.

"பாட்டுக் கேக்கிற நேரம் காது எங்க?" என்று அவன் தன் தமிழில் அஸ்கியைக் கேட்டான். சிரித்தும் விட்டான். யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வந்து மற்றவர்கள் இறங்கிய பிறகும் றாஹிலா இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை.

வாப்பா மௌத்தான கதை உனக்குத் தெரியும். தொண்ணூறில், வயல் பாதையில், வாடகைக் காரில் வந்துகொண்டிருந்தவர்களை, நிற்கச் சொல்லிக் கூப்பிடாமலே சுட்டார்கள் என்பது எங்கள் வீட்டுக் கதை. ஜனாஸா அன்று சொன்னது. உம்மா இன்றைக்கும் சொல்வது. அந்தக் காரில் மிஞ்சியவள் றாஹிலா மட்டும்.

"அவங்க கூப்பிட்ட, காக்கா" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"ரெண்டு தரம் கூப்பிட்ட. ஸ்பீக்கர் என்ட காதுக்குப் பின்னாலதான். பாட்டுக்குள்ள ஆரோ கத்துறாங்க எண்டு நான் நினச்ச."

பிறகு: "இதச் சொன்னா நீங்க என்ன அந்த றோட்டால விட மாட்டீங்க. வேலய விடு எண்டுவீங்க."

சொல்லியிருப்பேன். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் உன்னிடம் வந்திருக்கிறாள். நீ ஏன் என்று கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன், கேட்டு முடிய முடிவும் சொல்லியிருப்பேன். வேலையை விடு என்று இதுவரை சொல்லவில்லை. இந்த வரியை எழுதும்போதும் வாய் வரைக்கும் வருகிறது.

உன் கட்டைகளை வெட்டவில்லை. பாஸ் பிரித்ததை நானே சுற்றிவிட்டேன்.

இனி மற்றக் கடிதம். நான் எழுதியதை எழுதாததாக்க முடியாது, ஆகவே இன்னொன்று எழுதினேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. றாஹிலா வாசித்தாள்.

"இது பொய்தானே?"

"ஓம்."

"குடுங்க பேனய."

அரசாங்க உத்தியோகத்தவரின் கையெழுத்து பொலிஸில் கொஞ்சம் எடுபடும் என்று அவள்தான் மற்ற டீச்சர்மாரிடமும் கொண்டுபோனாள். றபீக்கா டீச்சர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். றம்ஸியா டீச்சர் இரண்டு எழுத்துப் பிழை திருத்திவிட்டு வைத்தார். சிவரூபினி டீச்சர் உங்கள் ஊர். பேனாவை வாங்கி வெகு நேரம் வைத்திருந்தார். "எங்கட தமிழ்ப் பேரும் இதுல இருந்தா அந்தப் புள்ளைக்கு உதவியா, உபத்திரவமா தம்பி?" எனக்குத் தெரியாது என்றேன். பிறகு கையெழுத்து வைத்தார்.

நானே வந்திருக்க வேண்டும். வேன் நின்றால் இவர்கள் போக வேறு வழியில்லை, தவணைப் பரீட்சை நடக்கிறது. கடிதம் போதாது என்றால் அஸ்கியிடம் சொல்லியனுப்பு. மறுகா ஒன்றும் யோசிக்க மாட்டேன், வருவேன்.

"உங்கள் ஆட்கள்" என்று எழுதினேன். அதை எழுதித் திருத்த எனக்குத் தெரியவில்லை. நேரில்தான் கதைக்கலாம்.

ஜவுபர்

*

சாய்ந்தமருது
1997.03.22

சம்பந்தப்பட்டோர் கவனத்துக்கு

ஆதம்பாவா முகம்மது ஜவுபர் ஆகிய நான், கல்முனையில் இருந்து சவளக்கடைக்கு ஆசிரியைகளை ஏற்றிச் செல்லும் வேனின் உரிமையாளரும் சாரதியும் ஆவேன்.

எனது வேனின் பின் ஸ்பீக்கர்களுக்குச் செல்லும் வயரில் இருப்பது, றெசிஸ்டர் எனப்படும் றேடியோ உதிரிப்பாகம். கல்முனைக் கடையில் இதே பொருள் ஒன்றை வாங்கிய பற்றுச்சீட்டை இத்துடன் இணைத்துள்ளேன். இதைப் பூட்டும்படி கனகரெத்தினம் குணராசாவிடம் கேட்டவன் நானே. பூட்டிய பொருளை நான் கண்ணால் கண்டிருக்கவில்லை. ஆகவே இம்மாதம் 4ஆம் திகதி, அது இன்னதென்று அறியாமல் பயந்து, அவர் மீது தகாத சந்தேகம் கொண்டு கடிதம் எழுதினேன். அக்கடிதத்தில் அவரைப் பற்றி எழுதிய ஒவ்வொன்றும் பிழையானது.

பூட்டச் சொன்ன காரணம்: காவலரண்களில் நிற்கச் சொல்லும் குரல், பாட்டுச் சத்தத்தில் சாரதிக்குக் கேட்காமல் போகலாம். பின்னால் இருப்பவர்களுக்காவது கேட்க வேண்டும்.

வேன் இன்றும் அதே நிலையில் ஓடுகிறது. எவரும் எந்நேரமும் பின் பலகையைக் கழற்றிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஆ. மு. ஜவுபர்

மேற்படி வேனின் பின் ஆசனங்களில் தினமும் பயணம் செய்பவர்கள்:

ஆ. றாஹிலா, ஆசிரியை
மீ. றபீக்கா, ஆசிரியை
அ. றம்ஸியா, ஆசிரியை
த. சிவரூபினி, ஆசிரியை

*

கொழும்பு 13
1997.04.04

ஜவுபர்,

தபாலட்டையில் எழுதுகிறேன். உடைக்க ஒன்றுமில்லை.

முகாமையாளர் வாசித்தார். கீழே இருந்த பெயர்களில் விரலை வைத்து வைத்து வாசித்தார். "எல்லாரும் டீச்சர்மாரோ?" என்றார். புதியதைத் தான் வைத்துக்கொண்டார். பழையது என் கைக்கு வந்தது. இப்போது அது இல்லை. பதிவு கிடைத்தது. பக்கத்துக் கட்டில் இன்னும் காலி. சாரத்தை மடித்து வைத்தேன்.

அப்பாவுக்கும் எழுதிவிட்டேன்.

றெசிஸ்டர் சூடாகும். நீ சுற்றிய டேப் பலகைத் துணியில் முட்டாமல் இருக்கிறதா பார்.

முன் ஸ்பீக்கர்களுக்கும் ஒவ்வொன்று போட வேண்டும். சாரதிக்கும் கேட்க வேண்டும்தானே. நீ கை வைக்காதே, மிஞ்சிய கிளிப்பையும் உடைப்பாய். சித்திரைக்கு வருகிறேன். அன்று வேன் முழு நாளும் எனக்கு வேண்டும்.

குணம்